பூட்டிய அறைக்கும் வட்டி

போன மாதம் கிள்ளான் வருமான வரி அலுவலகத்தில் என் கணவரை நெளிய வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

விஷயம் இதுதான். கோலசிலாங்கூரில் எங்களுக்கு ஒரு டெரஸ் வீடு உண்டு, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பேங்க் கடனில் வாங்கியது. நாங்கள் குடியிருப்பதோ தோட்டத்துப் பங்களாவில் — அவர் அங்கே உதவி நிர்வாகி. வேலை இருக்கிற வரைக்கும்தான் பங்களா. நாளைக்குத் தோட்டம் கைமாறினால்...? கைக்குழந்தையோடு எங்கே போய் நிற்பது? அந்தப் பயத்தில் வாங்கிய வீடு.

அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். ஆனால் வாடகைக்கும் வரி உண்டே! அவர் சம்பளம், என் ஆசிரியை சம்பளம் எல்லாம் சேர்ந்து எங்களை வரியின் மேல்படியில் ஏற்றிவிட்டன. ஒரே ஆறுதல் — கடனுக்குக் கட்டும் வட்டியை வாடகையிலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் வரி கட்டலாம். அசலைக் கழிக்க முடியாது, வட்டி மட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. பேங்க் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, வீடு முழுவதும் வாடகைக்கா என்று கேட்டார். கணவர் தலையாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு அறை எங்களிடம் இருக்கிறது" என்றேன்.

அது சாமி அறை. புதுமனை புகுந்த அன்று, சொந்த வீட்டில் ஏற்றிய விளக்கை விட்டுவிடாதே என்று மாமியார் சொல்லியிருந்தார். அதனால் அந்த அறையை மட்டும் பூட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விளக்கேற்றிவிட்டு வருவேன். குடியிருப்பது பாசிர் பெனம்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் குடும்பம். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் கும்பிட்டு முடிக்கும் வரை, பாயின் மனைவி செய்னம்பு அக்கா டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்.

பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையின் பங்குக்கு உரிய வட்டியைக் கழிக்க முடியாது, மற்றதைத் தாராளமாகக் கழிக்கலாம் என்றார்.

அவ்வளவுதானா? மொத்தமும் போய்விடும் என்றல்லவா நடுங்கிக்கொண்டிருந்தேன்!

காரில் ஏறியதும் கணவர் சொன்னார்: "கேட்டது ஒரு கேள்வி. நீ அந்தம்மாவ பூஜ ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்ட."

அந்த வெள்ளிக்கிழமை இதைச் சிரிப்பாகச் செய்னம்பு அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். மவ ஹால்லதான் படுக்குறா, அங்கயேதான் படிக்கிறா. பரீட்ச வருது. சாமி ரூமாச்சே, எப்படிக் கேக்குறதுன்னு இருந்துட்டோம்."

எனக்கு அன்றைக்கு விளக்கேற்றக் கை ஓடவில்லை. அறையைக் கொடுத்துவிடலாம்... ஆனால் மாமியார் வார்த்தை? கொடுத்தால் தப்பா? கொடுக்காவிட்டால் தப்பா? இரண்டு நாள் யோசித்துவிட்டு, பயந்துகொண்டே சபாக்கில் இருக்கும் மாமியாருக்குப் போன் செய்தேன்.

"நீங்க அங்க குடி போவீங்கன்னு நெனச்சுதான் லா சொன்னேன்" என்றார். "ஆளு இருக்குற எடத்துல வெளக்கு ஏத்து. பூட்டுன ரூம்புல யாருக்கு?"

இத்தனை நாளாக நான் யாருக்காக அந்தச் சாவியைச் சுமந்தேன்?

மறு வெள்ளிக்கிழமை சாமி படங்கள் எங்களோடு பங்களாவுக்கு வந்துவிட்டன. விளக்கை என் மடியில் வைத்துக்கொண்டேன். இனி வீடு முழுவதும் வாடகைக்குத்தான். வட்டியும் முழுவதாகக் கழியும். வீட்டை விற்கும் பேச்சை நாங்கள் இப்போது எடுப்பதில்லை.

பழக்கதோஷம், நேற்றும் அந்தப் பக்கம் போனேன். டீ குடித்துக்கொண்டே கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. அந்த அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "மெதுவா டீச்சர், படிச்சிக்கிட்டு இருக்கேன்."

என் வீட்டிலேயே எனக்கு அதட்டல். அவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடியதே இல்லை!