துவாயால் மூடிய படம்

போன வருடம், கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோழகக் காற்று தொடங்கிய நாட்களில் ஒரு சனிக்கிழமை காலை. பேசாலையில், கடற்கரையை ஒட்டிய வீடு. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். நானும் அவரும் டிவியில் ஒரு காதல் பகிடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். காதலி ஊரைவிட்டுப் போகிறாள். தான் விரலைச் சொடுக்கினால் நேரம் நின்று உலகமே உறைந்துவிடுவதாகக் கதாநாயகன் கனவு காண்கிறான். இவரும் என்னைப் பார்த்துச் சொடுக்கினார். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு சிலையாக நின்றேன். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

அப்போது அவரோடு மீன்பிடிக்கப் போகும் கூட்டாளி ஒருவர் வந்து, கடலில் போட்ட வலையைப் பார்க்கக் கூப்பிட்டார். நான் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, வாசலில் கால் வைத்தவரைப் பார்த்துச் சொடுக்கினேன். ஒற்றைக்காலில் கொஞ்சநேரம் அசையாமல் நின்று காட்டினார்.

"மிச்சத்தை மத்தியானம் வந்து பாப்பம். நீர் தனியப் பாத்திடாதையும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரவில்லை. காற்று கூரைத் தகரத்தைத் தூக்கி அடித்தது. அவருக்குப் போன் எடுத்தேன். அது டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்து அடித்தது. தேடப்போன படகுகளும் அவர்களைக் காணாமல் திரும்பின. அக்கம்பக்கத்துப் பெண்கள் செபமாலையோடு வந்து இருந்துவிட்டார்கள். டிவியில் கதாநாயகன் விரலை உயர்த்தியபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இந்த நேரத்தில என்ன கோதாரிப் படம், நிப்பாட்டுங்கோ," என்று ஒரு அக்கா எழும்பினார்.

"தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். அதை அணைத்தால் அவர் வரமாட்டார் என்று எனக்குள் ஒரு விசர் எண்ணம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவருடைய அம்மா, என் மாமி, எழுந்து வந்தார். சும்மாவே நான் படம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. இன்று நல்லா வாங்கிக்கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். அவரோ தோளில் கிடந்த துவாயை எடுத்து டிவியை மூடினார்.

"நிண்டபடி நிக்கட்டும் பிள்ளை. என்ர மகன் வந்து மிச்சத்தைப் பாக்கட்டும்," என்றார்.

பொழுதுபடும் நேரம் இவர் வந்து சேர்ந்தார். எஞ்சின் பழுதாகி அலைக்கழிந்தவர்களைத் பக்கத்து ஊரான தாராபுரத்து முஸ்லிம் மீனவர், ஒரு நானா, தன் வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு, படகோடு கட்டி இழுத்து வந்திருக்கிறார். அந்த மனிதர் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை.

இவர் துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு, என்னைச் சிரிக்கவைக்கத்தான், சொடுக்க விரலைத் தூக்கினார். நான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். நேரம் உண்மையாகவே நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. அவர் கடலுக்குப் போகும் நாட்களில் மணிக்கூட்டைப் பார்த்து, ஓடு, ஓடு என்றுதான் இன்றும் கெஞ்சுகிறேன்.