மிஞ்சிய வெயிலில் ஒரு வாளி வெந்நீர்

இல்லத்தரசி உத்தியோகத்தில் சமையலைச் சமாளித்துவிடலாம், துணியைச் சமாளித்துவிடலாம். வீட்டுக்காரர் ஒரு மிஷினை வாங்கி மாட்டிவிட்டு அதற்கு ஏற்றபடி நம்மை ஓடச் சொல்வதைத்தான் சமாளிக்க முடியாது. மொட்டைமாடியில் சோலார் போட்ட வீடுகளில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையும் வரும்.

பெட்டி வந்த நாள்

என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பகல் முழுக்க எங்கள் மாடியில் கரண்டு உற்பத்தியாகும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது நான், ஒரு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எவ்வளவுதான் தின்றுவிட முடியும்? மிஞ்சுவது கம்பி வழியாக வெளியே போய்விடும். சும்மா ஒன்றும் போகவில்லை, மின்வாரியக் கணக்கில் நமக்கு வரவாகத்தான் போகிறது. ஆனாலும் இவர் போனில் அந்த வெளியே போகும் அம்புக்குறியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், மகளை ரயிலேற்றிவிட்டு வந்தவர் மாதிரி.

மே மாதத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். வீட்டுச் செலவு போக மிஞ்சும் கரண்டை அது வெளியே விடாமல் பின்பக்கக் குளியலறை ஹீட்டருக்குத் திருப்பிவிடுமாம். மிஞ்சிய கரண்டில் தண்ணீர் காய்ந்தால் பச்சை விளக்கு எரியும். வெயில் இல்லாத நேரத்தில் நாமே சுவிட்சைப் போட்டு வெளிக் கரண்டில் காய்ச்சினால் சிவப்பு விளக்கு. மத்தியானம் காய்ந்த தண்ணீர் மறுநாள் காலைவரை தொட்டியில் ஆறாமல் இருக்கும். இதையெல்லாம் கரும்பலகை இல்லாத குறையாக எனக்கு விளக்கினார்.

இலத்தூரிலிருந்து எலக்ட்ரீஷியன் கணேசன் வந்து மாட்டினார். “அண்ணாச்சி, மே மாசம் தென்காசியில குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருது. இதுல பெட்டி வேற எதுக்கு?” என்று கேட்டேன். ஏணியிலிருந்து இறங்காமலே அவர் சொன்னது: “நான் மாட்டுத ஆளு தாயி. எதுக்குன்னு சார்கிட்டதான் கேக்கணும்.”

சாரிடம் கேட்டேன். சார் ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார்.

உளுந்துக்கு வந்த தடை

பெட்டி வந்த மறுவாரம், நல்ல உச்சிவெயிலில் கிரைண்டரைப் போட்டேன். உளுந்து பாதி பொங்கி வரும் நேரத்தில் போன் அடித்தது. கோடை விடுமுறையிலும் ப்ளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்த இவர்தான்.

“வீட்ல என்ன ஓடுது?”

“எப்படித் தெரியும்?”

“போன்ல தெரியுது. ஹீட்டருக்குப் போறது குறைஞ்சிட்டு. கிரைண்டரா? நிறுத்து, சாயங்காலம் ஆட்டிக்கலாம்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மத்தியானம் நான் சாப்பிட்டேனா என்று ஒரு போன் வந்ததில்லை. ஹீட்டர் சாப்பிட்டதா என்று வருகிறது. நான் கான்வென்ட்டில் படித்த பெண். கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் வரும். வந்ததையெல்லாம் சொன்னேன். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிவரைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கணக்கு வாத்தியாரின் குரல் போனில் தெளிவாக விழுந்தது: “சார், பாதி உளுந்துல நிறுத்தச் சொல்லாதீங்க, இட்லி கல்லாயிரும். திங்கப் போறது நீங்கதான்.”

மிச்சம் சாப்பிடுகிற மதினி

ஜூன் பிறந்ததும் இவருடைய அக்கா செண்பகம் வந்தார். எனக்கு மதினி. பாவூர்சத்திரத்தில் மதினி வீட்டுக்காரருக்குக் காய்கறிக் கமிஷன் மண்டி இருந்தது. அவர் போனபிறகு மதினி தனியாக இருக்கிறார். மகன் ராணுவத்தில், பஞ்சாப் பக்கம். மதினிக்கு விரல் மூட்டுகள் வீங்கிப்போய், காலையில் எழுந்தால் இரண்டு கையும் மடங்கினபடியே இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் விரல் பிரியும். பச்சைத் தண்ணீர் பட்டால் அன்றைக்கு டம்ளர்கூடப் பிடிக்க முடியாது. தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எப்படி? இங்கேயே இருந்துவிடட்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணம். மதினிக்கு அந்த எண்ணம் கிடையாது.

ஏனென்றால் மதினி மிச்சம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார். எல்லோரும் சாப்பிட்டபிறகு சாப்பிடுவார். பிய்ந்துபோன தோசைதான் வேண்டும். தனக்கென்று ஒரு வெங்காயம் உரித்தால்கூடப் பொறுக்காது. தை மாதம் வந்திருந்தபோது ஹீட்டரைப் போட்டுக் கொடுத்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தார். தம்பி வீட்டுக்குத் தன்னால் செலவு வந்தது என்று இருக்கக் கூடாதாம். நாலாம் நாளே பஸ் ஏறிவிட்டார். இந்த முறையும் கொண்டுவந்த துணிப்பையைப் பிரிக்காமல் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். எந்த நேரமும் கிளம்பலாம் என்கிற மாதிரி.

வந்த அன்று மத்தியானம் இவர் அக்காவைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சை விளக்கைக் காட்டினார். “அக்கா, இது வீட்டுச் செலவெல்லாம் போக மிஞ்சுன வெயிலு. யாரும் ஊத்தலைன்னா வீணாத்தான் போவும்.” வீணாகப் போகாது, வாரியக் கணக்கில் வரவாகும் என்று எனக்குத் தெரியும். இயற்பியல் வாத்தியாருக்குத் தெரியாதா? பெட்டி எதற்கு என்கிற என் கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அடிக்கடி நடக்கிற காரியமில்லை அது. மதினி விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீணாப் போவுதுன்னா சரி. நாளைக்குக் காலையில ஒரு வாளி ஊத்திக்கிடுதேன்.”

அருவி பார்க்க வந்த சொந்தம்

ஜூனில் சாரல் மழை ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களின் வீடு ஒரு வீடாகவே இருக்காது, துணி மாற்றுகிற இடமாகிவிடும். குற்றாலத்துக்குப் போகிற சொந்தம் பூராவும் நம் வீட்டில்தான் இறங்கும். வாசுதேவநல்லூரிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் குடும்பம் வேன் பிடித்து வந்தது. ஐந்தருவியில் ஆசைதீர நனைந்துவிட்டு, சாயங்காலம் வெடவெடவென்று வந்து நின்றார்கள். பின்பக்கக் குளியலறையில் வெந்நீர் இருக்கிறது என்று எவளோ கண்டுபிடித்தாள். அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். கடைசி ஆள் வெளியே வரும்போது தொட்டியில் மதினிக்கு ஒரு சொம்புகூட இல்லை.

அருவிக்கு வருகிறவர்கள் அருவியில்தானே குளிக்க வேண்டும்? வெந்நீர் வேண்டுமென்றால் ஊரிலேயே அடுப்பில் வைத்துக் குளித்திருக்கலாமே? இதை நான் நாசூக்காகத்தான் கேட்டேன், அதாவது எனக்குத் தெரிந்த நாசூக்கில். சித்தப்பா மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே, துளி வருத்தமில்லாமல் சொன்னாள்: “இங்கன வந்து வெந்நீர் ஊத்துனாத்தான்க்கா அருவியில குளிச்சாப்ல இருக்கு.”

வெயில் காணாமல் போனது

அதற்கப்புறம் சாரல் விடவே இல்லை. மேற்கே மலை தெரியவில்லை, மாடியில் சோலார் தகடு மேலெல்லாம் பாசி பிடிக்காத குறை. துணி காயவில்லை, வடாம் காயவில்லை, பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. இவருடைய போனில் அம்புக்குறி திரும்பி உள்ளே வர ஆரம்பித்தது. சோலார் வைத்த வீட்டுக்குச் சாரல் மாதத்தில் சோலார் கிடையாது, வெந்நீர் வேண்டியதும் அதே மாதத்தில்தான் என்பதை எந்த வாத்தியாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

மதினி தினமும் மத்தியானம் பின்பக்கம் போய் விளக்கைப் பார்ப்பார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். காலையில் பச்சைத் தண்ணீர். மூன்றாம் நாள் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் காப்பி. நான் துடைக்கக் குனிந்தால், மதினி எனக்கு முன்னால் குனிந்து, மடங்கின கையால் துணியை இழுத்துக்கொண்டிருக்கிறார். “சுவிட்சைப் போடுதேன் மதினி, ஒரு வாளி, ஒரே ஒரு வாளி” என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஜாதியில்லை, அதையும் செய்தேன். மதினி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “தம்பிகிட்ட சொல்லு, வெள்ளிக்கிழமை என்னை பஸ்ஸேத்தி விடட்டும். வெயிலு வந்த பிறவு வாறேன்.”

பொட்டும் டேப்பும்

எங்கள் கான்வென்ட்டில் பொய் சொன்னால் சிஸ்டர் முட்டி போடச் சொல்வார். அதனால் பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆனால் மறுநாள் விடியும் முன்னே எழுந்துவிட்டேன். சுவிட்சைப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சிவிட்டு, நேற்று வெயிலில் காய்ந்தது என்று சொல்லிவிடலாம். ஒரே இடைஞ்சல் அந்தச் சிவப்பு விளக்கு. குளியலறைக்குப் போகிற வழியில் பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டிக்கர் பொட்டில் பெரிதாக ஒன்றை எடுத்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே சுவிட்ச் ஏற்கெனவே போட்டிருந்தது. விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர்.

“இங்கன என்ன செய்யுதீங்க?”

“பெட்டி சரியா இருக்கான்னு பாக்கேன். உன் விரல்ல என்னது?”

“பொட்டு.”

நான் டேப்பைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் பொட்டை ஒட்டினேன். கறுப்பு டேப்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பொட்டு வைத்த மிஷினை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆயுத பூஜைக்குக் கிரைண்டருக்கே வைக்கிறோமே. அவர் முதல்முறையாக என் யோசனையை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஒரு திருத்தம் மட்டும் செய்தார்: “இனிமே சுவிட்சை நீ போடு. நேத்து நடுவுல வெயில் அடிச்சிதுன்னு நான் சொல்லிக்கிடுதேன். நீ சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்.”

வெங்காயம் உரித்த மத்தியானம்

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மதினி பஸ் பேச்சை எடுக்கவில்லை. காலையில் வெந்நீர், விரல் பிரிந்தது, டம்ளர் விழவில்லை. இவர் தினமும் காப்பி குடித்துக்கொண்டே, “நேத்து மத்தியானம் சுள்ளுன்னு அடிச்சிதுக்கா, நீ தூங்கிட்டே” என்பார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். துணிப்பை மட்டும் தலைமாட்டிலேயே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நானும் மதினியும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வெளியே சாரல், ஜன்னல் கம்பியெல்லாம் தண்ணீர். மதினி தலை நிமிராமல் கேட்டார்.

“அந்தப் பெட்டிக்குப் பொட்டு வச்சது நீதானே ஏட்டி?”

“ஆமா மதினி. புது மிஷின். கண்ணு பட்டுரக் கூடாதுல்லா.”

“ம். நேத்து மத்தியானம் வெயில் அடிச்சிதுன்னு தம்பி சொல்லுதான். நான் தூங்கவே இல்லை. கட்டில்ல உக்காந்து மழையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

நான் ஒரே வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனேன். உள்ளே ஒன்றுமே மிஞ்சவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி பாளையங்கோட்டையில ரூம் எடுத்துப் படிக்கையில வாரத்துக்கு ஒருக்க மண்டிக்கு வருவான். சும்மா குடுத்தா வாங்க மாட்டான், ரோசக்காரன். மிஞ்சுன காய்தாம்லே, நீ எடுக்கலைன்னா அழுகிப் போவும்னு சொல்லிப் பை நிறையப் போடுவேன்” என்றார் மதினி. “ஒரு நாளும் மிஞ்சுனது கிடையாது ஏட்டி. காலையில மூட்டை பிரிச்சதும் முதல்ல அவனுக்கு எடுத்து வச்சிருவேன். இந்தப் பொய்யை அவனுக்குப் படிச்சுக் குடுத்ததே நாந்தான். என்கிட்டயே சொல்லுதான் பாரு.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். போச்சு, பையைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். உள்ளே ஒன்றுமில்லை, சேலையெல்லாம் அலமாரியில் என் சேலைகளுக்குப் பக்கத்தில் ஏறியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். காலிப் பையை என் மடியில் போட்டுவிட்டு மதினி சொன்னார்: “இதைக் காய் வாங்க வச்சுக்கோ. பிறவு, நாளையிலேர்ந்து சுவிட்சைக் கொஞ்சம் முன்னாடியே போடு, தண்ணி சூடு பத்தலை.”

ஆகையால் சகோதரிகளே, வெயிலிலேயே ஓடுகிற வீடு என்று எங்கள் வீட்டை யாராவது பெருமையாகக் காட்டினால், சாரல் மாதம் முழுக்க அது அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்ட ஒரு பொய்யில் ஓடியது என்பதையும், அதற்கு விடியுமுன் எழுந்து சுவிட்ச் போட்டது நான் என்பதையும் நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.