வாளிக்குள் விட்ட கை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னபோது தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். அவரைக் கொண்டுபோன நோய்க்கு நானும் ஒரு காரணமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அண்ணியார் விடவில்லை. "நல்லதை மட்டும் எழுதாதீங்க தம்பி. நடந்ததையும் எழுதுங்க" என்றார்.

அண்ணன் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், கிணற்றுப் பாசனமுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு ஐந்து. அவர் பள்ளியை விட்டு ஏர் பிடித்தார். என்னைப் பள்ளியை விட்டு நிற்க விடவில்லை. பொல்லாத கோபக்காரர். ஏர் கோணிப்போனால் மாட்டிடமே இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவர் படிக்க வைத்த படிப்பில் அறுபதுகளின் பிற்பகுதியில் எனக்கு, விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக் கொடுக்கும் கிராம சேவக் வேலை கிடைத்தது. நெல்லில் மண்டும் கோரையை அழிக்கக் களை மருந்து வந்திருந்த நேரம். கூட்டம் போட்டுச் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா சார்?" என்று கேட்டு எல்லாரும் தயங்கினார்கள். அண்ணன் மட்டும் எழுந்து நின்றார்.

"எந்தம்பி சொல்றான். மொதல்ல எங்க வயல்ல அடிங்க."

ஊரே வரப்பில் வந்து நின்றது. ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, மருந்து கலந்த வாளிக்குள் முழங்கை வரை விட்டுக் கலக்கினேன். அப்படிச் செய்யும்படி எந்த அதிகாரியும் சொல்லவில்லை. மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த தாளில் தோலில் படக்கூடாது என்றுதான் அச்சடித்திருந்தது. கூட்டத்தின் முன் கெட்டிக்காரனாகத் தெரிய ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அதை அண்ணன் பார்க்கவில்லை.

கோரை கருகியது, நெல் நின்றது. அதன்பின் சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் மருந்தடிக்க அண்ணன்தான் போவார். ஒரு வாய் காப்பிக்கு மேல் எதையும் வாங்கமாட்டார். பத்து வருடம், வெற்று உடம்போடு, கையாலேயே கலக்கினார். ஒருமுறை நான் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியார், "ஒரு குச்சியில கலக்குனா என்னாங்க?" என்று கேட்டார்.

"எந்தம்பியே கையிலதான் கலக்குனான். படிச்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு?"

நான் வாய் திறந்திருக்க வேண்டும். களியைப் பிட்டு விழுங்கிக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

பிறகு அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. மொரப்பூரில் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனேன். புற்றுநோய் என்றார்கள். களை மருந்தால் வந்ததா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "அதனாலதான்னு சொல்ல முடியாதுங்க. இல்லைன்னும் சொல்ல முடியாது. மருந்து தொடாதவங்களுக்கும் இது வருது. ஆனா இத்தனை வருஷம் உடம்புல பட்டிருக்குன்னா சந்தேகப்படலாம், அவ்வளவுதான்" என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஊர் திரும்பிய சில நாளில் அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு வூட்டுக்கு வந்து நான் மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனேன். உங்ககிட்ட சொல்லல."

 அவர், "நீயாச்சும் கழுவுனியே. அது போதும்டா" என்றார்.

அண்ணனைச் சாகும்வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், கட்டிலோடு தூக்கிப் போய்ப் பஸ் ஏற்றி இறக்கிய பங்காளிகளுக்கும், அவர் படுத்திருந்த பருவத்தில் எங்கள் வயலைக் கேட்காமலே நட்டுக் கொடுத்த பக்கத்து வயல்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதைப் படிப்பவர்கள் மருந்து கலக்கும்போது ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் அச்சடித்திருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாட்டிடம்கூடக் கோபித்துக்கொண்டவர், என்னிடம் மட்டும் கடைசிவரை கோபப்படவில்லை. ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.