கெட்சிக்கனில் ஒரு மணி நேரம்

எங்கே சாப்பிட்டாலும் அப்பா தட்டுகளை அடுக்கி வைத்துவிடுவார். பரிமாறுகிறவர் வருவதற்குள் பெரியது கீழே, சிறியது மேலே, கரண்டிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. பிறகு காகிதக் கைக்குட்டையை மடித்து மேசையைத் துடைப்பார். கல்யாண விருந்தானாலும் சரி, தேவாலயத்துச் சாப்பாடானாலும் சரி. நான் பட்டம் வாங்கிய அன்று நகரத்தின் நடுவே ஒரு நல்ல உணவகத்துக்குப் போனோம். பரிமாறிய பெண் "சார், அது என் வேலை" என்றாள். "தெரியும்மா, ஒன் வேலையில பாதி கொறையட்டுமே" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயர் ரொஹெலியோ டும்லாவ். சியாட்டிலில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் நாற்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். ஊர் பிலிப்பைன்ஸின் இலோக்கோஸ் பக்கம். அவர் ஓய்வு பெற்ற மறு வருடம், 2023 கோடையில், அப்பாவையும் அம்மாவையும் அலாஸ்காவுக்குப் போகும் ஏழு நாள் உல்லாசக் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்றேன். அம்மாவின் தங்கை நெனித்தா சித்தி தானாகவே சேர்ந்துகொண்டார்.

"அலாஸ்காவ நான் பாத்தாச்சு. மீன் நாத்தம், மழை. போதும்" என்றார் அப்பா.

இளவயதில் அவர் அங்கே மீன் டப்பா ஆலையில் ஒரு கோடை வேலை செய்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பயணத் தாளை அவர் கையில் கொடுத்தேன். விரலால் வரிவரியாகத் தடவிப் படித்தார். கெட்சிக்கன் என்ற பெயரில் விரல் நின்றது.

"இங்க எவ்ளோ நேரம் நிக்கும்?"

"பத்துலேர்ந்து நாலு வரைக்கும்."

"சரி, போவோம்."

கப்பலில் ஏறும்போதே சண்டை. அம்மா பெட்டிக்குள் சோறு வடிக்கும் மின்பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்திருந்தார். பாதுகாப்புக்காரர்கள் அதை எடுத்து, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

"ஏழு நாளா? ஏழு நாளும் ரொட்டியா?" என்றார் அம்மா.

"உள்ள சோறு இருக்கும்மா. இருபது வகைச் சாப்பாடு இருக்கு."

"இருக்கும். அமெரிக்காக்காரன் வடிச்ச சோறு இருக்கும்."

அறைக்குள் இன்னொரு சண்டை. அப்பா காலையில் எழுந்ததும் தன் படுக்கையைத் தானே விரித்தார், சலவைப் பிரிவில் செய்வது போல மூலை மடித்து. எங்கள் அறைகளைக் கவனித்த ஜோனல், அவரும் பிலிப்பைன்ஸ்தான், இலோயிலோ ஊர்க்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சார், நீங்க பண்ணாதீங்க சார். மேலாளர் பாத்தா நான் பண்ணலேன்னு நெனப்பாரு."

"என்னய சார்னு கூப்பிடாதே. நானும் துணி மடிச்சவன்தான்."

"அப்ப என்னன்னு கூப்பிடறது சார்?"

சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாங்கிக்கொடுத்த ஓய்வை அவர் ஒரு நாள்கூட ஓய்வாக எடுத்துக்கொள்ளவில்லை என்ற எரிச்சல் எனக்கு. யாருக்காக வாங்கினேன், அவருக்காகவா, இல்லை 'பார், என்னால் முடிகிறது' என்று காட்டவா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்கவில்லை.

அப்போது நான் வேறொரு காரியத்தில் மும்முரமாக இருந்தேன். கரையோரத்தில் கப்பல் போகும்போது கைப்பேசிகள் தாமாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும், அதை நம்பிக் கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு என்று படித்திருந்தேன். முதல் நாள் மாலையே நால்வர் கைப்பேசியையும் வாங்கி, தானாக நேரம் மாறும் வசதியை அணைத்தேன்.

"இனிமே எல்லாருக்கும் கப்பல் நேரம்தான். ஊர்க் கடிகாரம் எதையும் பாக்காதீங்க. கப்பல் யாருக்காகவும் நிக்காது."

"படிச்ச பிள்ளை" என்றார் அம்மா பெருமையாக. அப்பா தன் கைக்கடிகாரத்தையும் என் கைப்பேசியோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். மேல்தளத்தில் காற்று அறைந்தது. அப்பா என்னைக் கம்பியோரம் கூப்பிட்டார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு ஒருத்தரப் பாக்கணும். எங்கயும் சீட்டு கீட்டு வாங்கி வச்சுடாதே."

"யாரப்பா?"

"மனோங் சிக்ஸ்டோ." வயதில் மூத்தவரை எங்கள் ஊரில் மனோங் என்றுதான் சொல்வோம், அண்ணன் மாதிரி.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை என் வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். 1980 வசந்தத்தில் சியாட்டிலில் ஆலை வேலைக்கு ஆள் அனுப்பும் கூடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பழைய ஆட்கள் முதலில், புது ஆட்கள் கடைசியில். அப்பா புது ஆள், அவர் முறை வராது. ஆனால் அந்த வருடம் சம்பளம் வாங்கியதற்கான தாளைக் காட்டினால்தான் ஊரில் இருந்த அம்மாவை இங்கே கூப்பிட முடியும். சிக்ஸ்டோவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, "எனக்கு முதுகு சரியில்ல, இவனை அனுப்புங்க" என்று அப்பாவை முன்னால் தள்ளிவிட்டார்.

"முதுகுக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. மூட்டைய ஒரு கையால தூக்குவாரு."

அடுத்த கோடையில் என் முறையை உங்களுக்குத் தருகிறேன் என்று அப்பா அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அடுத்த ஜனவரியில் அப்பாவுக்கு மருத்துவமனை வேலை கிடைத்தது. ஆலைக்குப் போகவே இல்லை. கொடுக்க அவரிடம் முறையே இல்லை. ஒரு கோடை விட்டதால் சிக்ஸ்டோவின் பெயர் பட்டியலின் அடிக்குப் போயிற்று. அதற்கு முன்பு அவர் ஆலை ஆட்கள் தங்கும் விடுதியின் தலைமைச் சமையல்காரர். திரும்பிப் போனபோது மீன் குடல் அள்ளும் மேசையில் நிறுத்தினார்கள், எட்டு வருடம். பிறகு கெட்சிக்கனிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்.

"இத்தனை வருஷத்துல பேசலையா?"

"ரெண்டு தடவ பேசினேன். சௌக்கியமான்னு கேட்டேன். அதச் சொல்லல. போன்ல சொல்ற விஷயமா அது?"

கிளம்புவதற்கு முன் அவருக்கு அழைத்திருக்கிறார். முதியோர் கூடத்தில் மதியச் சமையல் முடித்து இரண்டு மணிக்கு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். துறையில் மழை அளவு காட்டும் பெரிய பலகையின் கீழே. அன்று இரவு குளியலறைக்குள் அப்பா தாழ்ந்த குரலில் பேசிப் பார்ப்பது கேட்டது. ஒரே வாக்கியத்தை நாலு விதமாகச் சொன்னார். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

கெட்சிக்கனில் மழை. நாங்கள் ஒன்றரைக்கே பலகையின் கீழ் நின்றோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். மழைச் சட்டையின் பொத்தானைத் திறந்து வைத்திருந்தார், உள்ளே இருப்பது தெரியட்டும் என்று. இரண்டு ஆயிற்று. இரண்டு பத்து. குடைகள் வந்தன, போயின. வயதான ஆண் யார் வந்தாலும் அப்பா ஓரடி முன்னால் வைத்தார்.

சித்திக்குப் பொறுக்கவில்லை. "மரம் வெட்டற போட்டி ஒண்ணு காட்டறாங்களாம். இங்க நனையறதுக்கு அங்க போய் நனையலாம்."

"நீ போ" என்றார் அம்மா.

"தனியா போனா என்னை யாரு போட்டோ எடுப்பா?"

சித்தி எதிரே இருந்த காப்பிக் கடைக்குப் போய், நாலு கோப்பையோடு வந்தார். "அந்தக் கடைக் கடிகாரத்தப் பாத்தீங்களா? இப்பதான் ஒண்ணு இருபதாம். ஊரே அப்படித்தான் போல, கடிகாரம்கூட வேலைக்கு வர லேட்டு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நன்றாகவே சிரித்தேன்.

இரண்டரைக்கு மேல் அப்பா காப்பியைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. நான் கேட்டேன், "போன் பண்ணட்டுமா?" சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தயங்கித்தான் கொடுத்தார். வீட்டுத் தொலைபேசி. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"கெளம்பிட்டாரு போல. வந்துடுவாரு" என்றேன்.

"மனோங் ஒரு நிமிஷம் லேட்டா வந்து நான் பாத்ததில்ல" என்றார் அப்பா. "வேணாம்னு நெனச்சிருக்காரு. நானா இருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்."

"வயசான மனுஷன், மழை வேற…" என்று அம்மா தொடங்கினார்.

"வாங்க. கப்பல்ல ஏற வரிசை நீளமாயிடும்."

மூன்றுக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. இன்னும் அரை மணி நிற்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் கோபம். யாரோ ஒரு கிழவர் என் அப்பாவை மழையில் நிற்கவைத்து அவமானப்படுத்திவிட்டார் என்ற கோபம். முன்னால் போய் வரிசையில் இடம் பிடித்தது நான்தான்.

மூன்று இருபதுக்கு எங்கள் நடைவழியில் ஜோனல் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஊர் சுத்தியாச்சா? சீக்கிரமே வந்துட்டீங்களே. இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் இலவசம். கப்பல் கடிகாரத்த பின்னால வைக்கறாங்க."

"ஏன்?"

"அலாஸ்கா நேரத்துக்கு மாறணும்ல? நாம இன்னும் சியாட்டில் நேரத்துல இருக்கோம். ஊர்ல இப்ப ரெண்டு இருபதுதான்."

நான் படிக்கட்டில் ஓடினேன். மின்தூக்கிகள் எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறவர்களால் நிறைந்திருந்தன. இறங்குவாசலில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"மூணரைக்கு எல்லாரும் உள்ள இருக்கணும். இப்ப வெளிய விட முடியாது."

"அஞ்சே நிமிஷம். அதோ, அந்தப் பலகைக்குக் கீழதான்…"

"எல்லாரும் அஞ்சு நிமிஷம்னுதான் சொல்றாங்க."

மறுபடி மேலே, கம்பியோரம். பலகையின் கீழே ஒருவர் நின்றார். கறுப்புக் குடை. இடது கையில் துணி சுற்றிய பாத்திரம், சூடாக இருக்க வேண்டும், துணியின் முடிச்சைப் பிடித்திருந்தார். கால்மணிக்கு மேல் நின்றவர் போலக் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். நான் கத்தினேன். எனக்குப் பின்னால் கிளம்பும் கொண்டாட்டத்துக்கு இசை போட்டுவிட்டார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பாவை அறையிலிருந்து இழுத்து வந்தபோது கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்தானேப்பா? அங்க பாருங்க."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அவர்தான். கால அகட்டி நிக்கறாரு பாரு."

"நேரம் தப்பாயிடுச்சுப்பா. ஊர் நேரம் வேற. நான்தான் எல்லாத்தயும் மாத்தி வச்சேன். அவரு சரியா ரெண்டு மணிக்கு வந்திருக்காரு. கைய ஆட்டுங்க!"

அவர் ஆட்டவில்லை. சுற்றிலும் ஜனங்கள் கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள், தெரிந்தவர் யாரும் இல்லாமலே.

"கைய ஆட்டுங்கப்பா, மேல பாப்பாரு!"

"இங்கேர்ந்தா?" என்றார். "பத்து மாடி ஒசரத்துல, காகிதக் குடை சொருகின கிளாஸோட சுத்தறவங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு? அவரு அங்க மழையில நிக்கறாரு. நான் இங்கேர்ந்து கையாட்டறதா?"

"அவருக்கு அதெல்லாம் தோணாதுப்பா!"

"எனக்குத் தோணுதே."

நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். ஆட்டிய இருநூறு கைகளில் என் கையும் ஒன்று. கீழே அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டார். கப்பல் திரும்பியதும் பலகை மறைந்தது.

அடுத்த துறைமுகத்தில் அப்பாவின் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. என்னையே போட்டுக் காட்டச் சொன்னார்.

"டும்லாவ், நான்தான். அதிகமா சமைச்சிட்டேன், கூடத்துலேர்ந்து கெளம்ப நேரமாயிடும்னு ஓடியே வந்தேன். ஒன் கப்பல் முன்னாடியே கெளம்பிடுச்சு போல. பரவால்ல. கறிய பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். எர்லிண்டாவ கேட்டதா சொல்லு."

எர்லிண்டா என் அம்மா. அம்மா அழுதார், பிறகு அப்பாவைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார். மீதி நாலு நாளும் பனிப்பாறைகளைப் பார்த்தோம். சித்தி நிறைய போட்டோ எடுத்துக்கொண்டார். எதிலும் அப்பா சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் நான் சொன்னேன், "நானே கூப்பிட்டுச் சொல்றேன். தப்பு என்னோடது."

"நீ கடிகாரத்தத்தான் மாத்தினே" என்றார் அப்பா. "நான் சொல்ல வேண்டியத நீ சொல்ல முடியாது."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"சொல்றேன். நேர்ல."

விமானத்தில் போகலாம், இரண்டு மணி நேரம்தான் என்றேன். பார்க்கலாம் என்றார். அந்தக் குளிர்காலத்தில் முட்டி வலி, வசந்தத்தில் அம்மாவுக்குக் கண் சிகிச்சை, கோடையில் பேச்சே எடுக்கவில்லை. சிக்ஸ்டோ ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு அழைத்தார். மணி அடிப்பதை அப்பா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எடுங்கள் என்று நான் கத்தினேன். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. என்மேலும்தான். இரண்டில் எது அதிகம் என்று பார்க்க உட்கார்ந்தால் அம்மாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த அந்தச் சம்பளத் தாளில்தான் போய் நிற்கிறேன். சென்ற மாதம் அப்பாவிடம், சிக்ஸ்டோவுக்கு இப்போது எழுபத்தாறு வயது என்று சொன்னேன். "எழுபத்தஞ்சு" என்று திருத்திவிட்டு எழுந்து போனார். 1980ஆம் வருடக் கோடையை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.