‘ரத்தம் கம்மி’ என்று நான் சொன்ன நோய்

இன்று காலை, வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு நர்சிங் மாணவி வந்தார். புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம்.

எண்பதுகளில் என் மகள் மல்லிகாவுக்கு ரத்தப் புற்றுநோய். அப்போது இரண்டாம் வகுப்பு படித்தாள். மெட்ராஸில் வைத்தியம் பார்த்துப் பிழைத்தாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைகிட்ட என்ன நோய்னு சொன்னீங்கய்யா?”

“ரத்தம் கம்மின்னு சொன்னேன். புத்துநோய்ங்கற பேச்சையே வூட்டுல யாரையும் எடுக்க விடலம்மா” என்றேன், பெருமையாகவே. எட்டாம் வகுப்போடு நின்றவன் ஆராய்ச்சிக்குப் பதில் சொல்கிறேன் அல்லவா.

மல்லிகா தலை நிமிரவில்லை. “ஆஸ்பத்திரில நர்ஸுங்க பேசிக்கிட்டது என் காதுல வுழுந்துச்சுப்பா. கொல்லையில பாம்புப் புத்த குச்சியால இடிச்சது நாந்தான். அதான் புத்துநோய் வந்துச்சு, செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன்.”

மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டார். “யார்கிட்டயும் கேக்கலையாக்கா?”

“அந்தப் பேச்சத்தான் வூட்டுல எடுக்கக் கூடாதே. ஊருக்கு வந்ததும் யாருக்கும் தெரியாம புத்துக்குப் பால் ஊத்துனேன். பால் கொறையுதுன்னு அப்பா பூனைய வெரட்டிக்கிட்டுக் கெடந்தாரு.”

“அது உன்னால வரலம்மா” என்றேன்.

“பத்தாவதுல சயின்ஸ் டீச்சர் சொல்லிட்டாங்கப்பா.”

அதுவரைக்கும் ஊற்றியிருக்கிறாள்.

அந்தப் பூனை குற்றமற்றது என்று இதன்மூலம் அறிவிக்கிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் எந்தப் பூனையை விரட்டினீர்கள்?