வெள்ளைக்கண் ஈக்கள்

நேற்று மேசையில் மறந்துபோன வாழைப்பழம் கனிந்து கறுத்து, அதைச் சுற்றிப் பொடி ஈக்கள் மிதந்துகொண்டிருந்தன. விரட்டக் கை எழவில்லை. குனிந்து அவற்றின் கண்ணைத்தான் பார்த்தேன். சிவப்பு. விலங்கியல் படித்தவளின் வியாதி இது, விட்டுத்தள்ளுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் விருதுநகரில் கல்லூரியில் படித்தபோது எங்கள் ஆய்வகத்துக்கே இந்த வாசனைதான். புளித்த பழமும் ஈக்களை மயக்கும் ஈதரும் கலந்து, மதியத்தில் நின்றபடியே கண் சொக்கும். பாட்டில் பாட்டிலாகப் பழ ஈ வளர்த்தோம். வெள்ளைக்கண் ஆணைச் சிவப்புக்கண் பெண்ணோடு விட்டால் பிள்ளைகள் எல்லாம் சிவப்புக்கண். சிவப்பு ஓங்கும், வெள்ளை ஒடுங்கும். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சேர்ந்தால் பேரன்களில் பாதிப் பேருக்கு வெள்ளைக்கண் திரும்பிவிடும். பேத்தி ஒருத்திக்கும் வராது. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வரும் குணம் அது. ஆணிடம் அந்தக் குரோமோசோம் ஒன்றே ஒன்று, மறைக்க இன்னொன்று இல்லை. தாத்தாவின் கண் மகளிடம் தெரியாமல் தங்கி, பேரனிடம் எட்டிப்பார்க்கும். மனிதரில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத குறையும் இப்படித்தான் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. அண்ணன் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் கலர் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டினான். சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே படம், ஒரே எழுத்து; மையின் நிறம் மட்டும் வேறு. மாற்றி ஒட்டி, சீசன் நேரத்தில் லோடு திரும்பி வந்து, வேலையும் போனது. குடித்துவிட்டுத்தான் ஒட்டியிருக்கிறான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். தினமும் வாசலில் நிறுத்தி, "ஊதுலே" என்பார். மீசை வளர்ந்த ஆள், தெருவே பார்க்க ஊதுவான்.

ஒருநாள் வெள்ளைக்கண் பேரன்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று அண்ணன் நினைவு. வீட்டுக்கு வந்து, அங்கே கிடந்த சிவப்பு லேபிள் ஒன்றையும் பச்சை ஒன்றையும் நீட்டினேன்.

"இதுல பச்சை எதுண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

அடுப்படியிலிருந்து அம்மா, "எங்கய்யாவும் அப்படித்தான். மிளகாப் பழத்தப் பறிக்கச் சொன்னா காயையும் சேத்துப் பறிச்சுட்டு வருவாக. அம்புட்டுப் பேரும் சிரிப்போம்" என்று தன் அப்பாவைச் சொல்லிச் சிரித்தாள். நான் ஈக்களின் கதையைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. "அப்ப நாந்தான் குடுத்தேனா?"

அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து ஊதச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, எனக்கு அதில் கோபம்தான். ஆனால் தீபாவளிக்கு அண்ணன் சட்டை எடுக்கப் போனால் கூடவே கிளம்புவார். "இது பச்சைலே. இது செவப்பு" என்று மெதுவாகச் சொல்வார்.

கல்லூரியில் இப்போது ஈ வளர்ப்பதில்லையாம், எல்லாம் கணினித் திரையில்தான். லேபிளை இயந்திரம் ஒட்டுகிறது. அப்பாவும் போய்விட்டார். போன தீபாவளிக்குத் துணிக்கடையில் அண்ணன் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பக்கத்திலேயே நான் இருந்தும் என்னிடம் கேட்கவில்லை.