திருப்பி வைத்த கண்ணாடி

வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டிய இருசப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. போன தடவை ஏறியவர் என்ன சொல்லியிருந்தாரோ, அதை அடுத்த தடவை பேர் சொல்லி விசாரிப்பார். கேட்ட கையோடு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். இரைச்சல் அடங்கினால்தானே பதில் காதில் விழும்? மலை ஏற்றத்தில் வண்டி திணறும். திணறட்டும் என்று விட்டுவிடுவார்.

"பாவாட, உன் செவலப் பசு கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"பால் குடிக்குதா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுய்யா. கன்ன நான் பாத்துக்கறேன்."

பின்சீட்டில் சிரிப்பு எழும். அவருக்கு அபார ஞாபகசக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. சாயங்காலம் வண்டி கழுவும்போது, அன்றைக்கு யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக்கொண்டே நினைத்துப் பார்ப்பார். ஆளுக்கு ஒரே ஒரு சங்கதி போதும். அதற்கு மேல் தங்காது.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ்கள் நின்றன. இருசப்பனும் ஜீப்பை வெள்ளிமலையிலேயே போட்டிருந்தார். இரண்டாம் நாள் காலையில் சின்னராசு ஓடிவந்தான். அவன் பெண்டாட்டி தங்கமணிக்கு வலி எடுத்து ஒரு ராத்திரி முழுக்கப் போயும் பிள்ளை வரவில்லை.

"கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனாத்தான் உண்டுன்னு சொல்றாங்கண்ணே."

மலை இறங்கும்வரை தடையில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் துண்டால் முகத்தை மூடிய பத்துப் பதினைந்து பேர். தங்கமணியின் முனகல்கூடக் குறைந்துவிட்டிருந்தது. இருசப்பன் பதற்றத்தோடு இறங்கினார். அந்தக் கூட்டத்தில் சாய்ந்த தோளோடு நின்றவன் வழக்கமாக முன்சீட்டில் ஏறுகிறவன் என்று அவருக்குத் தெரிந்தது. வாயில் தானாகவே வந்தது.

"இன்னாடா வீரமணி, அம்மாவுக்குக் கால் வீக்கம் கொறஞ்சுதா?"

வீரமணி துண்டைக் கண்வரை ஏற்றினான்.

"யோவ், இவன் பேரெல்லாம் சொல்றான்டா! போலீஸ் ஆளு!"

"வண்டியத் திருப்புய்யா. ஒடச்சிடுவோம்."

ஒருவன் கல்லை எடுத்துவிட்டான். அப்போதுதான் இருசப்பனுக்கு உறைத்தது. முகத்தை மறைத்து நிற்பவனிடம் பேரைச் சொல்வது நலம் விசாரிப்பது ஆகாது. நாளைக்குக் கேஸ் என்று வந்தால் முதல் பேர் வீரமணியுடையதுதான்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்கும் பேர்தான் முதலில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டார். அவர்களுக்கு முதுகு காட்டி, கரும்புக் கொல்லையைப் பார்த்து நின்றுகொண்டார்.

"நான் யாரையும் பாக்கலப்பா. நீங்க உள்ள எட்டிப் பாருங்க. அது போதும்."

செருப்புச் சத்தம் ஜீப்பை நெருங்கியது. பிறகு ஒரு குரல், வீரமணியின் குரல்தான், சொன்னது: "மரம் நவுராது. வாய்க்கா ஓரமா உடு, தள்றோம்."

இருசப்பன் ஏறி உட்கார்ந்தார். பின்னால் தள்ளும்போது துண்டு அவிழும். டிரைவர் கண்ணாடியில் அத்தனை முகமும் தெரியும். கை நீட்டிக் கண்ணாடியைக் கூரை பார்க்கத் திருப்பி வைத்தார். பிறகுதான் கியர் போட்டார். சேற்றில் இரண்டு முறை சுழன்ற சக்கரம் மூன்றாவது தள்ளலில் மேலேறியது.

தங்கமணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த வாரம் போலீஸார் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"மலை பூரா பேரு தெரிஞ்சவனாமே நீ. யார் யார்ரா இருந்தது?"

"கண்ணாடியத் திருப்பி வெச்சிருந்தேங்க, சார்."

பைத்தியக்காரன் என்று திட்டி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வீரமணி ஜீப்பில் ஏறுவதில்லை. ஜீப்பைக் கண்டால் கை காட்டாமல், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இருசப்பன் கூப்பிடவில்லை. பேர் நாக்கு நுனிவரை வரும். ஹாரனைக்கூட அடிக்காமல் தாண்டிப் போவார். அன்று சாயங்காலம் முன்சீட்டைத் துடைக்கும்போது அதே கேள்வி, அதே கால் வீக்கம், நினைவுக்கு வரும். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. அது அவனாகச் சொல்ல வேண்டியது.

பொங்கல் கழிந்து ஒருநாள், கச்சிராயபாளையத்தில் பஸ் வந்து நின்றிருக்கும்போதே வீரமணி அதை விட்டுவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். வாய்க்கால் ஓரம் வந்தபோது அவன் வெளியே பார்த்தபடி சொன்னான்.

"இன்னாண்ணே, எல்லாரையும் கேக்கற. எங்கம்மாவ மட்டும் உட்டுட்ட?"

இருசப்பன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

"சொல்லு வீரமணி. உங்கம்மா காசியம்மாவுக்குக் கால் எப்டி இருக்குது?"